கிளாக் போர்டு செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் சித்தி மகனிடமிருந்து வாட்சாப்பில் ஒரு படம் வந்தது. பச்சை நிறத்தில் ஒரு போர்டு, ஓரம் முழுக்கத் தங்க நிறத்தில் வட்ட வட்டமாகக் கனெக்டர்கள், நடுவில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கறுப்புச் சிப். கீழே ஒரே வரி: "அக்கா, போர்டு செத்துப்போச்சு." பொலிடெக்னிக் படிப்பை முடிக்கும் தறுவாயில் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பிராக்டிகல் செய்கிறான். மேற்பார்வையாளர் ஒரு கிளாக் ஜெனரேட்டர் சிப்பின் இவாலுவேஷன் போர்டைக் கையில் கொடுத்து, நூறு மெகாஹெர்ட்ஸ் வரவைத்துக் காட்டு என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார், இவன் சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறான், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஸ்கோப்பில் நேர்கோடுதான். (லேபுக்குள் படம் எடுக்க அனுமதி கேட்டாயா என்று முதலில் திட்டினேன், அது வேறு கதை.)

போர்டு சாகவில்லை. இந்த வேலையில் நான் பார்த்த வரையில் உண்மையிலேயே செத்த கிளாக் சிப்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், செத்ததாகச் சொல்லப்பட்டவற்றுக்குத்தான் கணக்கே இல்லை. ஒன்று அந்த வெளியீட்டுக்குக் கரண்ட் போய்ச் சேர்ந்திருக்காது, அல்லது நாம் சொன்ன கட்டளை சிப்புக்குப் போயிருக்காது, இரண்டும் இல்லையென்றால் சிப் ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கும், நாம் பார்க்கிற விதம் கோணலாக இருக்கும். அவனுக்கு அன்றைக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் இதை யாராவது எழுதியிருந்தால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கே இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

முதலில் கிளாக் என்றால் என்ன. சுவர்க்கடிகாரம் இல்லை. டிஜிட்டல் சர்க்கியூட் எல்லாமே ஒரு தட்டுக்கு ஒரு அடி எடுத்து வைக்கிறவை, அந்தத் தட்டைக் கொடுப்பதுதான் கிளாக். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது உறுமி மேளக் குழுவைப் பார்த்திருப்பீர்கள், ஒருவர் கால அளவைப் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் அதன்மேல் ஏறி ஆடுவார்கள். அவர் தடுமாறினால் எல்லாமே கலைந்துவிடும். ஒரு கணினிப் போர்டிலும் அப்படித்தான், ஆனால் அங்கே ஒரே தாளம் போதாது. கணினிக்குள் அட்டைகளை இணைக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் (ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்குப் பத்து லட்சம் தட்டு), ஈதர்நெட் சிப்புக்கு 25, அதிவேக நெட்வொர்க் என்றால் 156.25, யூஎஸ்பிக்கு 48, ஆடியோவுக்கு 24.576. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கிரிஸ்டல், அதாவது கரண்ட் கொடுத்தால் ஒரே சீராக அதிர்கிற சின்னக் கல், வைத்தால் காசும் இடமும் போகும், எல்லாம் தனித்தனியே நழுவவும் செய்யும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கிரிஸ்டலை வைத்து அதிலிருந்து வேண்டிய வேகங்களையெல்லாம் பிறப்பிக்கிற சிப்தான் கிளாக் ஜெனரேட்டர்.

எப்படிப் பிறப்பிக்கிறது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: குரு கையால் தாளம் போடுகிறார், சிஷ்யன் அதே தாளத்துக்குள் இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகமாகப் பாடுகிறான், தட்டு மாறுவதில்லை. சிப்புக்குள் விசிஓ என்று ஒரு வேகமான ஆஸிலேட்டர், அதாவது தானே தட்டிக்கொண்டிருக்கும் சர்க்கியூட், இருக்கிறது, அதுதான் சிஷ்யன். அது தானாக ஓடவிட்டால் சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் தகுந்தபடி அங்கும் இங்கும் அலையும். அதனால் அதன் ஒவ்வொரு 36-ஆவது அடியையும் எடுத்துக் கிரிஸ்டலின் தட்டோடு ஒப்பிட்டு, முந்திவிட்டால் இழுத்துப்பிடித்து, பிந்திவிட்டால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறது ஒரு சுற்று. இதற்குப் பெயர் பிஎல்எல். கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் விசிஓ 900-இல் போய் நிற்கும். இரண்டும் சேர்ந்துவிட்டதை 'லாக்' ஆகிவிட்டது என்கிறோம். அப்புறம் வகுத்தல் மட்டும்தான்: 900-ஐ 9-ஆல் வகுத்தால் 100, 36-ஆல் வகுத்தால் 25, 18.75-ஆல் வகுத்தால் 48.

18.75 என்று பின்னத்தில் எப்படி வகுக்க முடியும், அடியைப் பாதியாக வெட்ட முடியாதே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. மூன்று முறை 19-ஆல் வகுத்து ஒரு முறை 18-ஆல் வகுத்தால் சராசரி 18.75 வந்துவிடும். ஆனால் சராசரிதான் சரி, ஒவ்வொரு அடியும் சரியாக விழாது. இந்தத் தடுமாற்றத்துக்குப் பெயர் ஜிட்டர். நல்ல சிப்கள் அந்தத் தவற்றை உள்ளேயே கணக்கிட்டுச் சரிசெய்துகொள்கின்றன, இருந்தாலும் முழு எண்ணால் வகுக்க முடிகிற இடத்தில் பின்னத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. ஆடியோவின் 24.576-ஐ இதே 900-இலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 36-உம் 256-இல் 159 பங்கும் சேர்த்து வகுக்க வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள், துல்லியமாக வரும்.

சரி, போர்டுக்கு வருவோம். சிப் தயாரிப்பாளர்கள் தங்கள் சிப்பை ஒழுங்கான மின்சாரம், ஒழுங்கான கிரிஸ்டல், ஒழுங்கான கனெக்டர் எல்லாம் போட்டு ஒரு பலகையில் ஏற்றித் தருவதுதான் இவாலுவேஷன் போர்டு, சுருக்கமாக இவால் போர்டு. உங்கள் சொந்த வடிவமைப்பை வரைவதற்கு முன் சிப் உங்கள் வேலைக்கு ஆகுமா என்று ஓட்டிப் பார்க்க. வீட்டில் பழக வேண்டுமென்றால் எஸ்ஐ5351 என்ற சிப் வைத்த சின்னப் போர்டுகள் சில பத்து ரிங்கிட்டுக்கு இணையக் கடைகளில் கிடைக்கின்றன, வானொலி ஆர்வலர்கள் நிறையப் பேர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சிலிகான் லேப்ஸ் கொண்டுவந்த சிப், கிளாக் சிப்களும் அடங்கிய அவர்களுடைய பிரிவு 2021-இல் ஸ்கைவொர்க்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. மேலே நான் சொன்ன 25, 900 என்ற எண்களும் அதற்குப் பொருந்துபவைதான், அதன் விசிஓ 600 முதல் 900 வரை ஓடும்.

போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எதையும் செருகாமல் அரை மணி நேரம் அதன் கையேட்டையும் சர்க்கியூட் வரைபடத்தையும் போர்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது. அலுப்பாக இருக்கும், தேத்தாரே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போர்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஜம்பர், அதாவது இரண்டு ஊசிகளை இணைக்க மேலே மாட்டுகிற சின்னத் துண்டு, எங்கெங்கே இருக்கிறது, கையேட்டில் சொன்ன தொடக்க நிலையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறிப்பாக அது உங்களுக்கு முன் இன்னொருவர் கையில் இருந்த போர்டு என்றால். நான் முதன்முதலில் வாங்கிக்கொண்ட போர்டில் எனக்கு முன் இருந்தவர் மிளகு அளவில் இரண்டு ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் போயிருந்தார். அந்த வெளியீடு எல்விபெக் வகை. அந்த வகை தானாகக் கீழே இறங்காது, தரைக்கு இழுக்க வெளியே ரெசிஸ்டர் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஊமை. இரண்டு நாள் நான் மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு தவற்றைத் தேட வேண்டிய இடத்தைவிட்டு வேறு எங்கெல்லாம் தேட முடியுமோ அங்கெல்லாம் தேடினேன் என்று சொல்லலாம்.

மின்சாரம். யூஎஸ்பி கேபிளிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் போர்டுகள் உண்டு, வெளியிலிருந்து பவர் சப்ளை கேட்பவையும் உண்டு, எதிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு ஜம்பர் இருக்கும். வெளி சப்ளை என்றால், போர்டைச் செருகும் முன் வோல்டேஜைக் கையேடு சொல்லும் அளவில் வைத்து மல்டிமீட்டரால் அளந்து, கரண்ட் எல்லையைக் கையேடு சொல்வதைவிடக் கொஞ்சம் மேலே மட்டும் வையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் சப்ளை தானாகவே அடங்கிவிடும், புகை வராது. இன்னொன்று, கிளாக் சிப்களுக்கு ஒரே மின்சாரம் இல்லை. உள்ளே இருக்கிற மூளைக்கு ஒன்று, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அல்லது ஒவ்வொரு ஜோடி வெளியீட்டுக்கும் தனித்தனியாக ஒன்று, அதைத்தான் விடிடிஓ என்று போட்டிருப்பார்கள். 1.8 வேண்டுமா, 2.5 வேண்டுமா, 3.3 வேண்டுமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வசதியாக அங்கே ஜம்பர் வைத்திருப்பார்கள், ஜம்பர் விட்டுப்போனால் சிப் உயிரோடு இருக்கும், கணினியோடு பேசும், பிஎல்எல் லாக் ஆனதாகச் சொல்லும், அந்த ஒரு வெளியீடு மட்டும் வாயே திறக்காது. தம்பியிடம் மல்டிமீட்டரை எடுத்து அந்தப் புள்ளியில் வைக்கச் சொன்னேன். "நாளைக்கு வச்சுப் பார்க்கிறேன்க்கா" என்றான், ராத்திரி பத்தரை மணிக்கு அவன் லேபிலா இருப்பான்.

அடுத்து, சிப்போடு பேசுவது. பெரும்பாலான கிளாக் சிப்களோடு ஐ2சி என்ற இரண்டு கம்பி வழியில் பேசலாம், எஸ்டிஏ ஒன்று, எஸ்சிஎல் ஒன்று. இவால் போர்டில் நடுவே ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் உட்கார்ந்து யூஎஸ்பியை ஐ2சியாக மாற்றித் தரும், தயாரிப்பாளரின் மென்பொருளில் உங்களுக்கு வேண்டிய வேகத்தை எழுதினால் அது வகுத்தல் கணக்கெல்லாம் போட்டு ரெஜிஸ்டர்களை, அதாவது சிப்புக்குள் எண்களை வைக்கிற அறைகளை, நிரப்பும். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இந்த மென்பொருள்களில் பல, போர்டே இல்லாவிட்டாலும் திறக்கும், பட்டன்கள் எல்லாம் வேலை செய்யும், 100 மெகாஹெர்ட்ஸ் என்று பச்சை நிறத்தில் காட்டும், ஏனென்றால் போர்டு வாங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். திரையில் காட்டுவது உங்கள் ஆசை, சிப்பில் இருப்பது அல்ல. 'போர்டுக்கு எழுது' என்ற பட்டனைத் தனியாக அழுத்த வேண்டியிருக்கும். எழுதிய பிறகு ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்துப் பாருங்கள், எழுதியதும் படித்ததும் ஒன்றாக இருந்தால்தான் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று அர்த்தம்.

மென்பொருள் இல்லாமல் ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் போர்டை வைத்துப் பேசுகிறவர்களுக்கு முகவரியில் ஒரு குழப்பம் வரும். எஸ்ஐ5351-இன் முகவரி பதினாறடி எண்ணில் (ஹெக்ஸில்) 60. ஆனால் சிலர் படிப்பதா எழுதுவதா என்ற கடைசி பிட்டையும் சேர்த்து அதையே சி0 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே கதவுதான். 60 கேட்கிற நிரலில் சி0-ஐக் கொடுத்தால் சிப் பதில் சொல்லாது, பிறகு நீங்களும் எனக்குப் படம் அனுப்புவீர்கள். அந்தச் சிப்பில் இன்னொரு விஷயம்: நீங்கள் எழுதுவதெல்லாம் கரண்ட் இருக்கும் வரைதான், அணைத்துப் போட்டால் மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் திரும்ப எழுத வேண்டும். வேறு சில சிப்களில் அமைப்பை நிரந்தரமாகப் பதிய இடம் உண்டு, அதிலும் சிலவற்றில் ஒரே ஒரு முறைதான் பதியலாம். அந்தப் பட்டன் பக்கம் முதல் வாரத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

பேச்சு நடக்கிறதென்றால் வேகத்தை மாற்றும் முன் நிலைமையைக் கேளுங்கள். இப்படிப் பேசுகிற பெரும்பாலான கிளாக் சிப்களில் நிலை காட்டும் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும், எஸ்ஐ5351-இல் அது முதல் ரெஜிஸ்டரே, எண் 0. கிரிஸ்டல் ஆடுகிறதா, பிஎல்எல் லாக் ஆகிவிட்டதா என்பதை அதிலேயே படிக்கலாம். கிரிஸ்டல் ஆடவில்லை என்று சொன்னால் பிஎல்எல்லைப் பார்த்துப் பயனில்லை, தாளமே இல்லாதபோது சிஷ்யன் என்ன பாடுவான்.

கிரிஸ்டலைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இது எல்லாரும் ஒரு முறையாவது செய்கிற தவறு. ஆடுகிறதா என்று பார்க்க ஸ்கோப்பின் ப்ரோபை, அதாவது அளவு ஊசியை, நேராகக் கிரிஸ்டலின் காலிலேயே வைப்பார்கள். ஒரு கிரிஸ்டல் சரியான வேகத்தில் ஆட அதன்மேல் 8, 10 பைகோஃபாரட் போல ஒரு குறிப்பிட்ட மின்தேக்கச் சுமை இருக்க வேண்டும், சாதாரணப் ப்ரோபே ஏறக்குறைய 10 பைகோஃபாரட் சுமையைக் கொண்டுவந்து ஏற்றிவிடும். வேகம் மாறும், சில சமயம் ஆட்டமே நின்றுவிடும். நோயாளியைத் தொட்டதும் மூச்சு நிற்கிற மாதிரி. கிரிஸ்டலைத் தொடாதீர்கள், வெளியீட்டில் பாருங்கள். விளையாட்டாகப் பார்க்க வேண்டுமென்றால் வெளியீட்டை ஃப்ரீக்வென்சி கவுண்டரில், அதாவது வினாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணும் கருவியில், போட்டுவிட்டு, கிரிஸ்டலின்மேல் விரலை வையுங்கள். கடைசி இலக்கங்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும், உங்கள் உடம்புச் சூடு அது. ஏர்கான் 20-இல் ஓடுகிற லேபிலிருந்து பினாங்கு வெயிலுக்குப் போனாலும் அதுதான் நடக்கும். கிரிஸ்டல்களை 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு இருபது பங்கு என்று விற்பார்கள். 25 மெகாஹெர்ட்ஸில் அது 500 ஹெர்ட்ஸ், கைக்கடிகாரமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் வினாடி.

இப்போது பார்க்கிற விதம். நூறு மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை நூறு மெகாஹெர்ட்ஸ் பட்டையகலம் உள்ள, அதாவது ஏறக்குறைய அந்த வேகம் வரைதான் பார்க்க முடிகிற, ஸ்கோப்பில் போட்டால் வளைந்து நெளிந்த சைன் அலை மாதிரிதான் தெரியும், உயரமும் குறைந்திருக்கும். சதுரத்தைச் சதுரமாகக் காட்டுவது அதன் மூன்றாவது, ஐந்தாவது மடங்கு வேகங்கள், ஸ்கோப் அவற்றை வடிகட்டிவிடுகிறது. சிப்பைத் திட்டாதீர்கள். அடுத்தது ப்ரோபின் தரைக் கம்பி, அந்த முதலை வாய்க் கிளிப்போடு வருகிறதே, அது ஒரு சாண் நீளம். அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 150 நானோஹென்றி மின்தூண்டல், ப்ரோபின் 10 பைகோஃபாரட்டோடு சேர்ந்தால் 130 மெகாஹெர்ட்ஸ் அருகே மணி மாதிரி ஒலிக்கும். அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் நடுக்கம் தெரியும், அது போர்டில் இல்லை, உங்கள் கையில் இருக்கிற கம்பியில் இருக்கிறது. ப்ரோபோடு ஒரு சின்ன ஸ்பிரிங் தருவார்கள், எல்லாரும் தூக்கி டிராயரில் போட்டுவிடுவார்கள், அதைத் தேடி எடுத்துப் பொருத்துங்கள்.

போர்டில் எஸ்எம்ஏ என்ற திருகு வகைக் கனெக்டர் இருந்தால் ப்ரோபே வேண்டாம், கேபிளில் நேராக ஸ்கோப்புக்குக் கொண்டுபோய் உள்ளீட்டை 50 ஓமில் வையுங்கள். திருகும்போது நட்டை மட்டும் திருப்புங்கள், கேபிளைப் பிடித்து முறுக்கினால் நடு ஊசி தேய்ந்துவிடும். 50 ஓமில் வைத்ததும் 3.3 வோல்ட் அலை ஏறக்குறைய பாதியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சிப்பின் உள் தடையும் ஸ்கோப்பின் 50 ஓமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ப்ளஸ், மைனஸ் என்று இரண்டு கம்பியாக வரும் வெளியீடுகளில், அதாவது எல்விடிஎஸ், எல்விபெக், ஹெச்சிஎஸ்எல் இவற்றில், மைனஸ் கம்பியில் தரைக் கிளிப்பை மாட்டவே கூடாது. ஸ்கோப்பின் தரை சுவர் பிளக்கின் எர்த்தோடு சேர்ந்தது, நீங்கள் அந்தக் கம்பியைப் பூமியோடு கட்டிப்போடுகிறீர்கள். இரண்டு சேனலில் தனித்தனியாக எடுத்து ஸ்கோப்பையே கழிக்கச் சொல்லுங்கள். இரண்டு கேபிளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோவினாடி தாமதம், ஒரு சாண் வித்தியாசமே ஒரு நானோவினாடி, நூறு மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றே பத்து நானோவினாடிதான்.

வேகம் வேறு, கட்டம் (ஃபேஸ், அதாவது தட்டு விழும் தருணம்) வேறு என்பதும் இங்கேதான் புரியும். 1982 ஜனவரி பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள் என்று அப்பா சொல்வார். எந்தக் கடிகாரமும் வேகமாக ஓடவில்லை, ஓடிக்கொண்டிருந்த முள் மட்டும் நகர்ந்தது. கட்ட மாற்றம் என்பது அதுதான், மென்பொருளில் இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே அந்த நகர்வை நீங்களே வைக்கலாம்.

மறுநாள் மத்தியானம் தம்பியிடமிருந்து இன்னொரு செய்தி, இந்த முறை படம் இல்லை. விடிடிஓ ஜம்பர்தான், போர்டோடு வந்த பிளாஸ்டிக் பையின் அடியில் கிடந்ததாம். அலை வந்துவிட்டது, ஆனால் "99.75 மெகாஹெர்ட்ஸ்தான்க்கா வருது, நூறு வரல, கிரிஸ்டல் கெட்டுப்போச்சா?" என்று கேட்டிருந்தான். 0.25 சதவீதம் என்றால் 2,500 பிபிஎம், எந்தக் கிரிஸ்டலும் அவ்வளவு தவறாது. ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா பார் என்று எழுதினேன். வானொலி இடைஞ்சல் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, பிசிஐ எக்ஸ்பிரஸ் கிளாக்கை வேண்டுமென்றே நூறிலிருந்து 99.5 வரை வினாடிக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல் கீழே இறக்கி ஏற்றுவார்கள். கவுண்டர் சராசரியைத்தான் காட்டும், நூறுக்கும் 99.5-க்கும் நடு 99.75. ஐந்து நிமிடம் கழித்து 100.0007 என்று பதில் வந்தது. அந்த ஏழு சிப்பினுடையதா கவுண்டரினுடையதா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.